குளத்து மீன் இறப்பது எதனால்?

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கின்றது என்று பார்க்கக் குளக்கட்டிற்குச் செல்லும் கமக்காரர், அலைகரை ஓரமெங்கும் வெள்ளை வெள்ளையாக மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடக்கக் கண்டு திகைத்து நிற்பது வன்னிப் பகுதியிற் புதுமையன்று. அந்நேரத்தில் எல்லோர் வாயிலும் முதலில் வரும் சொல் ‘நஞ்சு’ என்பதே. அடுத்தபடியாக ஒருவருடைய பெயரும் வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வவுனியா மாவட்டத்துச் சிறு குளம் ஒன்றில் இவ்வாறே நிகழ்ந்தது. குளத்தின் மேற்புறத்தே மிளகாயும் கத்தரியும் செய்துவந்த ஒருவர், மழைக்கு முதல்நாட் பிற்பகல் தம் தோட்டத்திற்குப் பீடைநாசினி தெளித்திருந்தார். பொழுது விடிந்தபோது குளத்தில் மீன் மிதந்தது. வேறு ஆராய்ச்சி வேண்டுமா? மீன்குஞ்சு வாங்கிவிட்ட கமக்காரர் அமைப்பினர் அவரிடம் நட்டஈடு கேட்டனர், அவர் மறுத்தார், பகலுக்குள் விடயம் பொலிசு நிலையம் வரை சென்றுவிட்டது. நான் அங்கே போய்ச் சேர்ந்தது காலை பத்து மணிக்கு மேல். அவரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ கூறுவதற்கு நான் நீதவான் அல்லேன். ஆயினும் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தபோது, அன்று அம்மீன்களைக் கொன்றது அவருடைய மருந்து அன்று என்பது எனக்குத் தெளிவாயிற்று. எவ்வாறு தெளிந்தேன் என்பதை நீங்களும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில், அடுத்த முறை இது உங்கள் குளத்தில் நிகழலாம். அப்பெயர் உங்கள் பெயராகவும் இருக்கலாம்.

முதலில் மீன் எவ்வாறு உயிர்வாழ்கின்றது என்று பார்ப்போம். நாம் மூச்சுடன் உள்ளிழுக்கும் காற்றில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் என்னும் பிராணவாயுவாகும். மீனுக்கும் அதே வாயுவே வேண்டும். ஆனால் அது நீரிலே கரைந்திருக்கும் அளவு மிகமிகச் சிறிது. நம் நாட்டு வெப்பத்தில், முப்பது பாகை சதம அளவிலுள்ள நன்னீர், காற்றிலிருந்து தானாக ஏற்கக்கூடிய ஒட்சிசன் பத்துலட்சம் பங்கு நீருக்கு ஏழரைப் பங்கு மாத்திரமே. நீர் சூடேறச் சூடேற இதுவும் குறையும். மீனுக்கு வேண்டிய அளவோ கூடும். இவ்வளவு ஐந்து பங்கிற்கு மேல் இருக்குமாயின் கெண்டை இன மீன்கள் நன்றாக இரை தின்று வளரும். மூன்று பங்கிற்குக் கீழே இறங்கினால் இரையை வெறுத்துச் சோர்ந்துவிடும். ஒரு பங்கிற்குக் கீழ்ச் சென்று சில மணி நேரம் அப்படியே நிற்குமாயின் பெரும்பாலான மீன்கள் மாண்டுபோகும்.

குளத்திற்கு இவ்வாயு வரும் வழிகள் இரண்டு. காற்று நீரின் மேல் வீசி அலை எழுப்பும்போது சிறிது கரைகின்றது. மிகுதி பெரும்பாலும் நீரிலே கலந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் ஆக்கிக் கொடுப்பது. குளத்து நீருக்குப் பச்சை நிறத்தைத் தருவன இவையே. நெற்பயிரைப் போலவே இவையும் வெயில் வெளிச்சத்தில் உணவு சமைக்கும்போது ஒட்சிசனை வெளிவிடுகின்றன. எனவே பிற்பகல் மூன்று நான்கு மணியளவில் பச்சைக்குளம் ஒன்றின் மேல்நீரில் மீனுக்கு வேண்டியதிலும் மிகுதியாக இவ்வாயு இருக்கும்.

இரவிலோ கணக்கு மாறுகின்றது. வெளிச்சம் இல்லையாகையால் பாசி வாயுவை ஆக்குவதில்லை. ஆனால் அதுவும் ஓர் உயிராகையால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றது. மீனும் மூச்சு விடுகின்றது. குளத்தடிச் சேற்றிலே மக்கிக்கொண்டிருக்கும் இலை, சாணம், செத்த பாசி ஆகியவற்றைச் சிதைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. பகலில் ஈட்டியதை இரவெல்லாம் செலவு செய்து, விடியற்காலை நாலரை ஐந்து மணிக்குக் கையிருப்பு மிகவும் குறைந்த நிலைக்கு வருகின்றது. ஆகையாற்றான் மீன்கள் விடிவதற்கு முன்னரே நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாசி எவ்வளவுக்கு அடர்த்தியோ அவ்வளவுக்கு இரவுச் செலவும் பெரிது. ‘குளம் பச்சையாக இருக்கின்றது, மீனுக்கு நல்ல இரை’ என்று மகிழ்பவர்கள் பாதி உண்மையைத்தான் அறிந்திருக்கின்றனர்.

இனி ஆவணி புரட்டாதி மாதங்களில் நம் குளங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சிறுபோகத்திற்கு நீர் விட்டபின் துருசின் அடிமட்டத்திற்குக் கீழே கிடக்கும் நீர்தான் எஞ்சியிருக்கும். அந்தச் சிறிதளவு நீருக்குள் குளத்து மீன் முழுவதும் ஒடுங்கியிருக்கும். மாடுகளும் எருமைகளும் அதற்குள்ளேயே இறங்கும். வெயில் கடுமையாகையால் மேல்நீர் சூடாகி இலேசாகி மேலே நிற்க, அடிநீர் சற்றே குளிர்ந்து கனத்துக் கீழே தங்கும். இரண்டும் கலப்பதில்லை. அடிநீரில் ஒட்சிசன் அறவே தீர்ந்து, அழுகிய முட்டைபோல நாறும் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயு சேற்றிலிருந்து அதிற் கலக்கும். காலால் அச்சேற்றைக் கிளறினால் அந்நாற்றத்தை நீங்களே உணரலாம்.

இந்நிலையில் வானம் மூடுகின்றது. இரண்டு நாள் வெயில் இல்லை. பாசிக்கு வெளிச்சம் இல்லை. பகற் சம்பாத்தியம் குறைந்துவிட்டது. பின்னர் இரவில் இடியும் காற்றுமாக மழை பொழிகின்றது. குளிர்ந்த மழைநீர் கனமானதாகையால் கீழே இறங்கி, கெட்டுக்கிடந்த அடிநீரை மேலே புரட்டிவிடுகின்றது. அதே வேளையில், கோடை முழுவதும் மேட்டுக்காணியிலும் மாட்டுப்பட்டியிலும் கிடந்த சாணம், சருகு, குப்பை, சாம்பல் யாவற்றையும் முதல் வெள்ளம் வாரிக்கொண்டு குளத்தில் வந்து இறங்குகின்றது. இவை சிதைவதற்கும் ஒட்சிசன் வேண்டும். எஞ்சியிருந்த சிறுதுளியும் ஒரே இரவில் தீர்ந்துவிடுகின்றது. காலையிலே மீன் மிதக்கின்றது. இங்கே எவரும் நஞ்சிடவில்லை. மீன் மூச்சு முட்டி இறந்தது.

மூச்சு முட்டி இறந்ததையும் நஞ்சினால் இறந்ததையும் வேறு பிரித்தறிய இரசாயனசாலை எப்போதும் வேண்டியதில்லை. பெரும்பாலும் கண் போதும். ஆனால் காலத்தோடு போய்ப் பார்க்க வேண்டும்.

மூச்சு முட்டிய மீன் விடியற்காலையில் இறக்கும். ஒரே இனத்துள் பெரிய மீனே முதலில் விழும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் முன்னதாக மாளும். திலாப்பியா நீரின் மேற்படையிலுள்ள வாயுவைக்கொண்டு சிறிது தாக்குப்பிடிக்கும். விரால், பனையேறிக்கெண்டை, சுங்கான் ஆகியன நேரே காற்றையே உண்டு மூச்சுவிடும் தன்மையுடையனவாகையால் உயிரோடு இருக்கும். செத்த மீனின் வாய் பிளந்து, பூ மூடி விரிந்திருப்பதைக் காணலாம். வெயில் ஏறியபின் மேலும் சாவது பெரும்பாலும் நின்றுவிடும். குளத்து நீரும் முதல்நாள் பச்சையாயிருந்தது கபிலமாகவோ கருமையாகவோ மாறி நாற்றமெடுத்திருக்கும்.

நஞ்சினால் இறக்கும்போது நேரக் கணக்கில்லை, நண்பகலிலும் சாகும். சிறுகுஞ்சும் பெருமீனும் ஒருங்கே சாகும். பலமுறை குஞ்சே முந்தும். சாகும் முன்னர் மீன் நிலைதடுமாறிச் சுழன்றும் துள்ளியும் நீந்தும். காற்றுண்ணும் விராலும் தப்பாது. எல்லாவற்றிலும் நல்ல சாட்சி நீர்வண்டும் நீரின்மேல் ஓடித்திரியும் பூச்சிகளுமே. அவை வெளிக்காற்றை மூச்சுவிடுவனவாகையால் நீரில் ஒட்சிசன் தீர்ந்தாலும் அவற்றுக்குக் கேடில்லை. பூச்சிமருந்து கலந்தாலோ மீனோடு மீனாக அவையும் மடியும். பாசி மாத்திரம் பச்சையாக அப்படியே நிற்கும்.

நான் குறிப்பிட்ட குளத்தில் அன்று நீர் கபில நிறமாயிருந்தது. மிதந்தவற்றுட் பெரும்பாலானவை இரண்டு இறாத்தலுக்கு மேற்பட்ட கட்லாவும் ரோகுவும். ஓரப்புல்லுக்கிடையே விராற் குஞ்சுகள் கூட்டமாக நீந்தின. நீர்ப்பூச்சிகள் வழமைபோல ஓடித்திரிந்தன. தோட்டக்காரர் தெளித்ததோ மீனுக்குக் கொடிய மருந்துதான். அது குளத்துக்குட் சென்றிருக்குமானால் இப்பூச்சிகளை நான் கண்டிருக்க முடியாது. இதை எடுத்துக் கூறியபோது சிலர் ஏற்றனர். சிலர் நான் அவருக்கு வேண்டியவன் என்றனர். விராற் குஞ்சைக் காட்டிய ஒரு முதியவரின் சொல்லே இறுதியில் எடுபட்டது. நான் விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நெல்லைப்பற்றி நிறையப் படித்தேன். மீனைப்பற்றி நான் அறிந்ததிற் பெரும்பகுதி இத்தகைய முதியவர்களிடம் கேட்டதே.

ஆயினும் தோட்டக்காரர் மருந்து தெளித்த முறை சரியானது என்று நான் கூறவில்லை. அன்று அது குளத்தை எட்டாதது நற்பேறே. பைரித்திரோயிட்டு இனப் பூச்சிமருந்துகள் மனிதருக்கும் கால்நடைக்கும் ஒப்பளவிற் குறைந்த தீங்கு செய்வன என்று விரும்பி வாங்கப்படுகின்றன. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அவை மிகக் கொடியவை, சிறிதளவே போதும். ஆகையால் மழை இருட்டிக்கொண்டிருக்கும்போது தெளிக்க வேண்டாம். நீர்க்கரைக்கு அண்மையிலுள்ள வரிசைகளை மருந்தின்றி விட்டுவிடுங்கள். தெளிகருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுவது பெருந்தவறு. மருந்துப் போத்தலை மூன்றுமுறை நீர்விட்டு அலசி, அந்நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றிப் பயிருக்கே தெளித்துவிடுக. வெறும் போத்தலைக் குளக்கட்டின் மறுபுறம் எறிந்துவிட்டால் போயிற்று என்று எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். மீன் பிடிப்பதற்கென்றே நஞ்சிடுவோரைப்பற்றி இங்கு நீட்டி எழுத வேண்டியதில்லை. அது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

மருந்தைவிட மெதுவாகவும் ஓசையின்றியும் குளத்தைக் கெடுப்பது பசளை. யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன் உண்டு. வயலுக்கு இட்ட மறுநாளே கட்டை வெட்டி நீரை வடியவிட்டால், உங்கள் பணம் வாய்க்கால் வழியே அடுத்த குளத்திற்குப் போகின்றது. நம் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே ஓடையில் தொடுக்கப்பட்டவை. மேற்குளத்து வயலின் வடிநீரே கீழ்க்குளத்தின் வரவாகும். நீங்கள் விட்டது கீழூராருக்கு. மேலூரார் விட்டது உங்களுக்கு. பொசுபரசோ நீரிற் கரைந்து ஓடுவதிலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதே அதிகம். மரக்கறித் தோட்டங்களுக்கு வேண்டியதற்கு மேல் இடப்படும் பொசுபரசுப் பசளையும் கோழியெருவும் மண்ணரிப்போடு குளத்தை அடைந்து அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கிற் கிடந்து பாசியை வளர்க்கும். ஆகவே பசளை இட்டபின் வரம்பின் வாய்களை நன்றாக அடைத்து ஒரு கிழமைக்கேனும் நீரை மறித்து வையுங்கள். சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பிரித்துப் பிரித்து இடுங்கள். மேட்டுத் தோட்டத்தில் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, ஓடைக்கரையில் புல்வரிசை ஒன்றை விட்டுவையுங்கள்.

இது புதிய யோசனையன்று. பழைய குளங்களின் தலைப்புறத்தே மரக்கூட்டமும், அதற்கும் நீருக்கும் இடையே புற்றரையும் இருந்தன. வடமத்திய மாகாணத்துச் சிங்களக் கிராமத்தார் மரக்கூட்டத்தை ‘கஸ்கொம்மன’ என்றும் புற்றரையை ‘பெரகன’ என்றும் பெயரிட்டு இன்றும் அறிவர். பெரகன என்பது வடிகட்டும் துணியைக் குறிக்கும் சொல். வெள்ளத்தோடு வரும் மண்ணையும் சருகையும் அப்புல் வடித்துவிடும். நம் பக்கத்திலும் இவ்வாறே விடப்பட்ட நிலத்தை, நாலு வரி மிளகாய்க்காக உழுது குளத்து வாயிலேயே தோட்டம் செய்துவிட்டோம். அலைகரைக்குட் பயிர்செய்வது முறையன்று என்பது எல்லாருக்கும் தெரியும். கோடையில் வெளிப்படும் அந்த ஈரமண்ணின் ஆசையை எவரும் விடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நீர்க்களைகளைப்பற்றி ஒரு சொல். ஆற்றுவாழை 1905ஆம் ஆண்டளவில் அழகுச்செடியாக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. நான்காண்டுகளுக்குள், 1909இல், அதை ஒழிப்பதற்கெனத் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் வந்தது. இவை நீரைப் போர்வையாக மூடிவிட்டால் காற்றும் படாது, வெளிச்சமும் புகாது. அடியிலுள்ள மீன் இருட்டறையில் அடைபட்டதுபோலாகும். அவற்றைக் கையால் வாரிக் கரையேற்றிக் கூட்டெருவாக்குவதே நல்வழி. களைநாசினி கொண்டு முழுக்குளத்தையும் ஒரே நாளில் கொன்றுவிட எண்ண வேண்டாம். செத்த களை முழுவதும் நீருக்குள்ளேயே அழுகும். அழுகலுக்கு வேண்டிய ஒட்சிசன் மீனின் பங்கிலிருந்தே போகும்.

உங்கள் குளத்து நீரை நீங்களே சோதிக்க ஓர் எளிய கருவி சொல்கின்றேன். எட்டு அங்குல அகலமுள்ள தகர மூடி ஒன்றை எடுத்து, வட்டத்தை நாலு கூறாகப் பிரித்து, எதிர்எதிர்க் கூறுகளுக்கு வெள்ளையும் மற்றவற்றுக்குக் கறுப்புமாக வர்ணம் பூசுங்கள். நடுவிலே துளையிட்டு, அங்குலக் குறியிட்ட கயிற்றிற் கட்டி, கீழே சிறு கல்லொன்றைத் தொங்கவிடுங்கள். முற்பகல் பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையில், வெயிலை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, கலங்காத இடத்தில் இதை மெல்ல இறக்குக. மூடி கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றிலே பாருங்கள். பன்னிரண்டு அங்குலத்திற்கும் பதினெட்டு அங்குலத்திற்கும் இடையே மறைந்தால் பாசி அளவாக இருக்கின்றது. எட்டு அங்குலத்திற்குள்ளேயே மறைந்து, நீரும் பச்சையாயிருந்தால், ஆபத்து அண்மையில் இருக்கின்றது; முகில் மூடிய இரண்டு நாளே அக்குளத்திற்குப் போதும். நீர் பச்சையாயிராது செம்மண் நிறமாயிருக்குமானால் அது பாசியன்று, மண்ணரிப்பு. இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆடி தொடங்கிக் கிழமைக்கு ஒருமுறை அளந்து கொப்பியிற் குறித்துவரப் பள்ளிப்பிள்ளை ஒருவரே போதும்.

ஒரு கிழமையில் அளவு எட்டிற்குக் கீழே இறங்குகின்றது என்றால் செய்ய வேண்டியது யாது? பெரிய மீனைப் பிடித்து விற்றுவிடுக. மீன்குஞ்சுகளை மாரி மழையில் குளம் நிரம்பியபின் விட்டு, நீர் வற்றும் ஆவணி புரட்டாதியில் அறுவடை செய்வதே பருவகாலக் குளங்களுக்கு ஏற்ற முறை. இன்னும் சிறிது வளரட்டும் என்று ஐப்பசி வரை வைத்திருப்பதனாலேயே பல அமைப்புகள் முழு முதலையும் இழந்தன. நான் கூறிய குளத்தாரும் நல்ல விலைக்காகக் காத்திருந்தவர்களே. மேலும், சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்யும்போதே, துருசடிக்குக் கீழுள்ள நீரைப் பம்பி வைத்து இறைப்பதில்லை என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். கால்நடைக்கும் மீனுக்கும் கோடையில் உள்ள ஒரே புகலிடம் அதுவே. ஓர் ஏக்கரை மேலதிகமாக விதைப்பதற்காக அதை இழப்பது, என் எண்ணத்தில், சரியான வியாபாரமன்று.

அதிகாலையில் மீன் வாய் பிளப்பதைக் கண்டுவிட்டீர்களா? அன்றே மீனுக்குத் தீனி போடுவதையும் குளத்தில் மாடு இறக்குவதையும் நிறுத்துக. நீர்ப்பம்பி ஒன்றைக் கரையில் வைத்து, மேல்நீரை உறிஞ்சி, அதே குளத்துக்குள் உயரத்திலிருந்து சிதறி விழும்படி இறைத்துவிடுங்கள். காற்றினூடே விழும் நீர் ஒட்சிசனை ஏற்றுக்கொள்ளும். உறிஞ்சு குழாயை அடிச்சேற்றில் இறக்கிவிட வேண்டாம். கெட்ட நீரை மேலேற்றுவதாக முடியும். குளம் முழுவதையும் இவ்வாறு காப்பாற்ற இயலாது. ஆனால் ஒரு மூலையில் நல்ல நீர் இருந்தால் மீன்கள் அங்கே வந்து கூடும். நள்ளிரவு தொடக்கம் சூரியன் ஏறும்வரை இறைத்தாற் போதும்.

நஞ்சு என்று ஐயமெழுந்தால், ஊர் கூடிப் பேசுவதற்கு முன்னர், சுத்தமான கண்ணாடிப் போத்தல் இரண்டில் நீரை விளிம்புவரை நிரப்பி மூடி, திகதியும் நேரமும் எழுதி, குளிர்ந்த இருளான இடத்தில் வைத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்திற்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவியுங்கள். மருந்துகள் பல விரைவிற் சிதைந்துவிடும். மூன்றாம் நாள் எடுத்த நீர் எதையும் சொல்லாது. விடயம் தீரும்வரை அந்நீரைக் குடிக்கவோ, குளிக்கவோ, மரக்கறிக்கு வார்க்கவோ வேண்டாம்.

செத்து மிதந்த மீனை எக்காரணத்தாலும் உண்ணவோ கருவாடாக்கவோ கூடாது. மூச்சு முட்டிச் செத்ததுதானே என்று சொல்லிக்கொண்டு கூடை கூடையாக அள்ளிச் செல்வோரை நான் கண்டிருக்கின்றேன். நம் வெப்பத்தில் அது இரண்டொரு மணி நேரத்திற் கெடும். அன்றியும், எதனாற் செத்தது என்பது அந்நேரம் உறுதியாகத் தெரிந்திராது. மீன் செத்த குளத்தில், காற்று ஒதுக்கும் கரையோரமாகப் பச்சை வர்ணத்தைக் கொட்டியதுபோன்ற ஆடை படிந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது நீலப்பச்சைப் பாசி. அதிற் சிலவகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்நீரைக் கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு போகாது. மாட்டையும் அப்பக்கம் நீரருந்த விடலாகாது.

இறந்த மீன்களை அன்றே வாரி, குளத்திலும் கிணற்றிலும் இருந்து தொலைவாக, வெள்ளம் ஏறாத மேட்டிலே ஆழக்குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். குளத்துக்குள் விட்டால் அவையும் அழுகி, எஞ்சிய மீனின் மூச்சுக்கு எமனாகும். இரண்டடிக்குக் குறையாமல் மேலே மண் போடுக. இல்லையேல் இரவிலே நரி கிளறிவிடும்.